மூடுமுன் இரண்டு சொல்

ஜூன் 3, திங்கள்

காலையிலிருந்து மூட்டம். பீலியில் தண்ணீர் பிடித்து வருவதற்குள் தலை நனைந்துவிட்டது. விறகும் ஈரம். ஊதி ஊதிக் கண் எரிகிறது.

இந்தப் புத்தகம் கிளாக்கரய்யா வீட்டு அம்மா கொடுத்தது. போன வருஷத்து டயறி. எழுதின பக்கங்களைக் கிழித்துவிட்டு மிச்சத்தைக் கொடுத்தார். இந்தப் பக்கத்தில் ஞாயிறு என்று அச்சு. இன்று திங்கள். வெட்டி எழுதினேன். ஒவ்வொரு பக்கமும் ஒரு நாள் பிந்தித்தான் இருக்கும். பரவாயில்லை. வைக்கும் இடம்: தகரப் பெட்டி, பழைய பாவாடைக்கு அடியில்.

அம்மா இன்றும் அதே பேச்சு. தேயிலை அரைக்கிற ஸ்டோரில் குச்சி பொறுக்க இரண்டு பெண்பிள்ளைகள் வேண்டுமாம். காய்ந்த தேயிலையைப் பரப்பி வைத்து, அதில் கிடக்கிற சிவப்புக் குச்சியைப் பொறுக்கும் வேலை. அப்பாவின் ரோலர் மெஷினுக்குப் பக்கத்திலேயே, ஒரு அரைச்சுவர்தான் நடுவில். மழை இல்லை, அட்டைக் கடி இல்லை. ஆனால் முப்பது பேர் இருப்பார்கள். நுழையும்போதே எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள்.

“பதினாறு வயசாச்சு. இவ வாயத் தொறந்து பேசி இந்த லயத்துல ஆராச்சும் கேட்டிருக்காங்களா?” என்றாள் அம்மா.

பக்கத்துக் காம்பராவிலிருந்து பாக்கியம் அக்கா, “நான் கேட்டிருக்கேன் அக்கா. போன வருஷம் ஒருதரம் தும்முனா.”

நடுச்சுவர் கூரை வரை கிடையாது. எல்லாம் கேட்கும்.

எனக்குப் பேச்சு வராது. பார்க்க வரும். மனிதர்கள் தங்களுக்கே தெரியாமல் செய்வதை எல்லாம் பார்த்து மனதில் வைத்துக்கொள்வேன். விட முடிவதில்லை. இனிமேல் தாளில்.

1. பாக்கியம் அக்கா. காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்குக் கிளம்பி, பீலி வரை போய், திரும்பி வந்து அடுப்பைப் பார்ப்பாள். அடுப்பே மூட்டாத நாளிலும்.

2. சரசு (என் தங்கச்சி, ஏழு வயது). சிலேட்டுப் பென்சில் தின்பாள். அடி வாங்கியும் தின்பாள்.

3. அப்பா. எதை மூடினாலும், கதவு, பெட்டி, பானை மூடி, கோழிக்கூடு, எதுவானாலும், மூடுமுன் “கைய எடு” என்பார். பக்கத்தில் ஆள் இல்லாவிட்டாலும். சொல்லிவிட்டு ஒரு மூச்சு பொறுப்பார். பிறகு மூடுவார். ஸ்டோரில் ரோலரை ஓடவிடப் பெல்ட்டைத் தள்ளும்போதும் அப்படித்தானாம். லயத்தில் அவருக்கு ‘கையெடு சின்னையா’ என்றுதான் பேர். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து.

4. அம்மா

கூப்பிடுகிறாள். வருகிறேன்.

ஜூன் 5, புதன்

கச்சான் காற்று. கூரையில் கல் வைத்தும் ஒரு தகரம் அடித்துக்கொண்டே இருக்கிறது.

பாக்கியம் அக்கா கூடையும் இடுப்பில் கட்டின படங்குமாகப் பீலி வரை வந்தாள். திரும்புவாள் என்று நான் குடத்தோடு ஒதுங்கி வழி விட்டேன். திரும்பவில்லை. நேரே போய் மூட்டத்துக்குள் மறைந்துவிட்டாள்.

தண்ணீர் கொண்டுவந்து இறக்கினேன். அடுத்த குடம் எடுத்துக்கொண்டு பீலி வரை போனேன். அடுப்பு நினைவு வந்தது. வந்து பார்த்தேன். அணைத்தபடியே இருந்தது. போனேன். மறுபடி வந்தேன். நாலு தரம். குடம் நிரம்பவே இல்லை.

சாயங்காலம் அம்மா அவளிடம் கேட்டாள். “ஏன் பாக்கியம், இப்பல்லாம் பாதி வழியில திரும்பி வாறதில்லையே?”

“எதுக்கு அக்கா திரும்பி வரணும்?”

“அடுப்பப் பாக்க.”

“அடுப்புல என்னா இருக்கு பாக்க?” என்று சிரித்தாள். கிண்டல் இல்லை. உண்மையாகவே அவளுக்கு நினைவில்லை.

ஜூன் 7, வெள்ளி

மழை விட்டது. துணி காயவில்லை. சேவலுக்குக் கண் நோய், மஞ்சள் தடவினேன்.

சரசுவின் பென்சில் மூன்று நாளாக முழுசாக இருக்கிறது. வாத்தியார் புகழ்ந்தாராம். அம்மாவுக்கு ஒரே சந்தோஷம்.

எனக்கு மத்தியானத்திலிருந்து வாயில் ஒரு ருசி. மழை பெய்த கல்லின் ருசி. சோறு இறங்கவில்லை. அவள் பள்ளிக்கூடப் பையைத் திறந்து, ஒரு துண்டு ஒடித்து, நின்றபடியே தின்றேன். நறநற என்று. நிறுத்த முடியவில்லை. எச்சில் சாம்பல் நிறம்.

ஜூன் 9, ஞாயிறு

வேலை இல்லாத நாள். அப்பா வீட்டில். அம்மா சந்திக் கடைக்குப் போய்க் கருவாடு, மண்ணெண்ணெய், சவுக்காரம்.

பொழுது சாய அப்பா கோழியை அடைத்தார். ஆறு கோழி, ஒரு சேவல். கூட்டுக் கதவை இழுத்து மூடினார். சத்தம் இல்லை.

சரசுதான் கத்தினாள். “அப்பா கைய எடு சொல்லலே! அப்பா கைய எடு சொல்லலே!”

அப்பா கதவைப் பார்த்தார். தன் கையைப் பார்த்தார். “ஆமா, சொல்லல இல்ல?” என்றார். ஏதோ யோசித்துக்கொண்டு முன்வாசல் இஸ்தோப்பில் உட்கார்ந்தார். முகம் தெளிந்து இருந்தது. வயது குறைந்த மாதிரி.

நான் உள்ளே வந்து தகரப் பெட்டியைத் திறந்து சீப்பை வைத்தேன். மூடப் போனேன். என் வாய் சொன்னது. “கைய எடு.”

நான் நினைத்துச் சொல்லவில்லை. ஒரு மூச்சு பொறுத்தும் விட்டேன்.

மூன்றாம் தேதிப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தேன். 1, 2, 3. எழுதின வரிசையிலேயே.

4-இல் அம்மா என்று எழுதி நிறுத்தியிருக்கிறேன். அன்றைக்கு அம்மா கூப்பிட்டது நல்லது. அம்மாவுடையது என்னவென்று எனக்குத் தெரியும். எழுத மாட்டேன்.

ஜூன் 10, திங்கள்

மூன்று வரியையும் கறுப்பாக அடித்தேன். தாள் கிழியும் வரை. பலன் இல்லை. காலையில் அடுப்பு, ஐந்து தரம். பென்சில், ஒன்றரை. கதவு, பானை, பெட்டி, எண்ணவில்லை.

அந்தத் தாளை அடுப்பில் போடலாமா? போட்டால் திருப்பி அனுப்புகிற வழியும் போய்விடுமோ என்று பயம். வைத்திருக்கிறேன்.

அப்பாவைக் கேட்டேன், மெதுவாக. “ஸ்டோர்லயும் சொல்றதில்லயாப்பா?”

“இல்லம்மா. டீமேக்கர் ஐயாவே கேட்டாரு. என்னா சின்னையா, ஊமையாயிட்டியா, பெல்ட்டு ஓடுறதே தெரியலன்னு. பக்கத்துல நிக்கிறவங்களுக்கு அந்தச் சத்தம்தான் கணக்கு. கேட்டாக் கைய இழுத்துக்குவாங்க. எனக்கும் அதுதான். சொல்ற வாய் கையப் பாக்க வைக்கும்.”

“பொறகு ஏன்ப்பா சொல்றதில்ல?”

“வரமாட்டேங்குது.”

அவர் வாயிலிருந்து நான் எடுத்துவிட்டேன். ஒரு வரியில்.

ஜூன் 11, செவ்வாய்

எழுத வேண்டாம் என்று இருந்தேன். எழுதாமல் இருக்க முடியவில்லை.

பொழுது இறங்குமுன். அம்மாவும் சரசுவும் பீலியில். கதவைச் சாத்த இழுத்தேன். வழக்கம்போல வாய் சொன்னது. ஒரு மூச்சு பொறுத்தேன். இந்தத் தரம் கீழே பார்த்துவிட்டேன்.

கதவு ஓரத்தில் விரல்கள். நாலு. வெளிப்பக்கமிருந்து உள்ளே மடங்கி, பலகையைப் பிடித்தபடி. நகமெல்லாம் தேயிலைச் சாறு ஏறிக் கறுத்து. ஒரு விரலில் செம்பு வளையம், மோதிரம் மாதிரி, கம்பியை வளைத்துச் செய்தது.

அந்தக் கை ஒவ்வொரு விரலாக எடுத்தது. அவசரம் இல்லாமல். சொன்ன பேச்சுக் கேட்கிற ஆள் மாதிரி.

வெளியே எட்டிப் பார்த்தேன். இஸ்தோப்பில் சேவல் மட்டும்.

ஜூன் 12, புதன்

பத்து மணி இருக்கும். அப்பாவைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். இடது கையில் துணி, துணியெல்லாம் சிவப்பு.

அரைத்த கொழுந்தை இறக்கிவிட்டு, ரோலரின் அடிக்கதவை மூடியிருக்கிறார். தன் கையை எடுக்காமல். இரண்டு விரல் நுனி நசுங்கி, நகம் போய்விட்டது. பெல்ட்டை யாராவது தள்ளிவிட்டிருந்தால் கையே போயிருக்கும் என்றார் கூட வந்தவர். அங்கே சேர்ந்த நாளிலிருந்து அப்பாவுக்கு ஒரு கீறல் விழுந்ததில்லை.

அம்மா வாசலில் நின்று கூவி அழுதாள். மருந்துக் காம்பராவில் கட்டுப் போட்டார்கள். அடுத்த புதன் வரை வீட்டில் இருக்கச் சொன்னார் மருந்தையா. புதன்கிழமை மறுபடி அதே மெஷினுக்கு.

ஏழு நாள். அதற்குள் அவருடையதை அவரிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

சரசு கட்டைத் தொட்டுப் பார்த்து, “வலிக்குதாப்பா?”

“நகந்தானே. மொளைக்கும்.”

ஜூன் 13, வியாழன்

தூறல். அம்மா கொழுந்து பறிக்க மலைக்கு, சரசு பள்ளிக்கூடம். அப்பாவும் நானும் மட்டும். பலாக்கொட்டை சுட்டுக் கொடுத்தேன்.

பானையை மூடும்போது நான் சொன்னதைக் கேட்டுவிட்டார்.

“எப்ப இருந்து?” என்றார்.

நான் விறகைத் தள்ளினேன். அவர் நெருப்பைப் பார்த்துக்கொண்டே பேசினார். சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

“நீ வயித்துல இருந்த சமயம். மாரிமுத்துன்னு ஒருத்தன், எனக்குக் கூட்டாளி. ரோலர் அடிக்கதவுல கொழுந்து அடைச்சிக்கிச்சி. கைய விட்டு நோண்டிக்கிட்டு இருந்தான். நான் பெல்ட்டத் தள்ளிட்டேன். பாத்துட்டுத்தான் தள்ளுனேன், அவன்தான் திரும்பக் கைய விட்டான்னு எல்லார்கிட்டயும் சொன்னேன். பாக்கலம்மா. நான் பாக்கவே இல்ல. லொறியில மாத்தளை ஆசுபத்திரிக்குக் கொண்டு போனோம். வழியில உசிரு போன உக்குவளை வரைக்கும் பேசிக்கிட்டு வந்தான். என்னய ஒரு வார்த்தை சொல்லல. அதுக்குப் பொறகு எத மூடப் போனாலும் அவன் கை அங்க இருக்கும். சொன்னா எடுத்துக்குவான். அதான் சொல்லுவேன்.”

“மோதிரம் போட்டிருப்பாராப்பா?” என் குரல் எனக்கே கேட்கவில்லை.

“செம்புக் கம்பி. வாதத்துக்குன்னு வளைச்சிப் போட்டிருந்தான்.” பிறகு திரும்பி என்னைப் பார்த்தார். “ஒனக்கு யாரு சொன்னா?”

அம்மா சொன்னதாகச் சொன்னேன். அம்மாவுக்கே தெரியாது என்று அவர் முகத்தில் தெரிந்தது.

மறுபடி நெருப்புப் பக்கம் திரும்பி, “பத்து நாளா அவன் வாறதில்ல. நீ ஆத்தாளக் கேட்டுப் பாரு, நான் தூங்குற தூக்கத்த. ஸ்டோர்ச் சாமி ரோதை முனிக்கு ஒரு சேவல் குடுக்கணும். மாரிமுத்து என்னய விட்டுட்டான்.”

சொல்லும்போது சிரித்தார். கண் நிறைந்திருந்தது.

ஜூன் 14, வெள்ளி

அம்மாவும் அதையே சொல்கிறாள். “கலியாணம் கட்டி இத்தன வருஷத்துல இந்த மனுசன் கொறட்ட விட்டு இப்பதான் கேக்குறேன்.” பாக்கியம் அக்கா சுவருக்கு அப்பாலிருந்து, “எங்களுக்கும் கேக்குது, மெதுவா விடச் சொல்லுங்க.”

எல்லாருக்கும் சிரிப்பு.

திருப்பிக் கொடுத்தால்: விரல் மிஞ்சும், தூக்கம் போகும். மாரிமுத்து திரும்ப வருவார்.

கொடுக்காவிட்டால்: தூங்குவார், சிரிப்பார். ஒரு நாள் ஸ்டோரிலிருந்து லொறி வரும்.

இரண்டையும் எழுதி எழுதிப் பார்க்கிறேன். காய்ந்த துணியை மடித்தேன். பெட்டி. இரண்டு சொல். நாலு விரல். பெட்டி மூடியது.

ஜூன் 15, சனி

இன்று ஒரு சோதனை. சொல்லாமல் மூடினால் என்ன?

லேஞ்சியால் வாயை இறுகக் கட்டிக்கொண்டு பெட்டியை மூடினேன். மூடி பாதியில் நின்றது. தகரத்தில் தகரம் படவில்லை. மெத்தென்று ஏதோ. அழுத்தினேன். அது அழுத்தத்தைத் தாங்கிக்கொண்டது. எடுக்கவும் இல்லை, சத்தம் போடவும் இல்லை. கதகதப்பாக இருந்தது, அதுதான் தாங்கவில்லை.

லேஞ்சியை அவிழ்த்துவிட்டுச் சொன்னேன். மன்னிப்பும் கேட்டேன்.

யார் எழுதுகிறார்களோ அவர்களிடம் வருகிறது. இதுவரை எழுதினது நான் மட்டும். அப்படியானால் என்னுடையதை அப்பா எழுதினால் அப்பாவிடம் போகும். ஆனால் அப்பாவுக்கு எழுத்துத் தெரியாது. சம்பளத்துக்குப் பெருவிரல்.

தூக்கத்தை விட விரல் பெரிது. முடிவு செய்துவிட்டேன்.

ஜூன் 16, ஞாயிறு

வெயில், பல நாளைக்குப் பிறகு. படங்கு, சாக்கு, தலையணை எல்லாம் வெளியே. அம்மா பாக்கியம் அக்காவுக்குத் தலை பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்பாவிடம் சிலேட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். “பேர் எழுதப் படிங்கப்பா. சும்மாதானே இருக்கீங்க.”

“எனக்கு என்னாத்துக்கு? பெருவெரல் நல்லாத்தானே இருக்கு.” கட்டுப் போட்ட கையைத் தூக்கிக் காட்டினார். “அந்தப் பயல விட்டுட்டுத்தானே நசுங்குச்சி.”

ஆனாலும் உட்கார்ந்தார். நான் சிலேட்டின் மேல்பாதியில் எழுதினேன்: தவமணி கைய எடு என்று சொல்கிறாள். கீழே இதைப் பார்த்து எழுதுங்கள் என்றேன்.

“இம்புட்டு நீளமா எம் பேரு?”

“உங்க அப்பா பேரும் சேத்து.”

பொய். அவரிடம் நான் சொன்ன இரண்டாவது பொய்.

சரசு எட்டிப் பார்த்தாள். “அக்கா, இது அப்பா பேரு இல்லியே. இதுல ஒம் பேருல்ல இருக்கு.”

“போ அங்கிட்டு. கோழி நெல்லுல வாய் வைக்குது, வெரட்டு.” அவ்வளவு கடுமையாக நான் பேசினதே இல்லை. போனாள்.

அப்பாவுக்குப் பென்சில் நிற்கவில்லை. ‘த’ போடவே ஐந்து தரம். கடைசியில் அவர் கையை என் கையால் பிடித்து எழுதவைத்தேன். கை மரம் மாதிரி கனம். ஒவ்வொரு எழுத்துக்கும் மூச்சு விட்டார். முடிந்ததும் சிலேட்டைத் தூரப் பிடித்துப் பார்த்தார். வெளியே கொண்டுபோய் அம்மாவிடம் காட்டினார். அம்மாவுக்கும் படிக்கத் தெரியாது. “அடேயப்பா, கையெடு சின்னையா இனிக் கையெழுத்துச் சின்னையா” என்றாள்.

அழிக்க விடவில்லை. சிலேட்டைச் சுவரில் சாய்த்து வைத்திருக்கிறார், விளக்குக்குப் பக்கத்தில். சரசுவுக்கு நாளைக்குச் சிலேட்டு வேண்டுமே என்று அம்மா. வாத்தியாரிடம் சொல்லிக்கொள்ளலாம் என்று அப்பா.

ஜூன் 17, திங்கள்

போய்விட்டது.

காலையில் கதவு. ஒன்றும் சொல்லவில்லை. பானை. பெட்டி. நாலைந்து தரம் வேண்டுமென்றே திறந்து மூடினேன். மரம், தகரம், அவ்வளவுதான். ஓரத்தில் ஒன்றும் இல்லை. எவ்வளவு லேசாக மூடுகிறது ஒரு கதவு!

அடுப்பும் பென்சிலும் மட்டும் அப்படியே. இருந்துவிட்டுப் போகட்டும்.

அப்பாவின் பின்னாலேயே நாள் முழுக்கத் திரிந்தேன். பாக்குப் பெட்டியைத் திறந்தார், மூடினார். பேசாமல். கதவைச் சாத்தினார். பேசாமல். “என்னாடி, கோழிக்குஞ்சு மாதிரி பின்னாலயே வாற?” என்றார்.

மத்தியானம் ஒரு மணி நேரம் தூங்கினார். குறட்டை.

என்னிடம் இல்லை. அவரிடமும் இல்லை. எங்கே போனது? தான் எழுதுவது என்னவென்று அவருக்குத் தெரியாது. பிடித்து எழுதினதும் என் கை. அது அவர் எழுதினதாகாதோ?

நாளை மறுநாள் புதன்.

ஜூன் 18, செவ்வாய்

இந்தப் பக்கத்தைத் திருப்பினேன். மேலே ஏற்கெனவே எழுதியிருக்கிறது. பெரிய பெரிய எழுத்து, கோடு தாண்டி:

தவமணி கைய எடு என்று சொல்கிறாள

கடைசிப் புள்ளி இல்லை. சரசு ‘ள்’ போடும்போது எப்போதும் புள்ளியை மறப்பாள்.

பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கேட்டேன். “இதில எழுதினியா?”

“சிலேட்ட அப்பா தரல. அதான். ஞாயித்துக்கிழமை பெட்டியில இருந்து எடுத்தேன். நல்லா எழுதியிருக்கேனாக்கா?”

நல்லா இருக்கு என்றேன்.

சாயங்காலம் அவள்தான் கோழியை அடைத்தாள். நான் வாசலில் நின்று பார்த்தேன். கூட்டுக் கதவைப் பிடித்தாள். “கைய எடு.” நின்றாள். மறுபடியும், “கைய எடு.” முகத்தைச் சுளித்தாள். மூன்றாம் தரம் அதட்டி, எங்கள் அம்மா மாதிரியே இடுப்பில் கை வைத்துக்கொண்டு, “எடுங்கன்னு சொல்றேன்ல!”

பிறகு மூடினாள்.

“யார்கிட்ட சரசு?”

“அந்த மாமாகிட்ட. வளையம் போட்ட மாமா. நான் சின்னப் புள்ளைன்னு சொன்னா கேக்க மாட்டேங்கிறாரு.” கையை உதறிக்கொண்டாள். நடுவிரல் சிவந்திருந்தது.

“என்ன ஆச்சு விரலுக்கு?”

“அவரு எடுக்கட்டும்னு நானும் எடுக்கல. காலைல பெட்டி மூடும்போது.” சிரித்தாள். “யாரு மொதல்ல எடுக்கிறதுன்னு வெளையாடுறோம்.”

அவளை உட்காரவைத்து மஞ்சள் அரைத்துப் போட்டேன்.

அம்மா வந்ததும் சொன்னேன். “நாளைக்கு அப்பாவோட ஸ்டோருக்குப் போறேன். குச்சி பொறுக்க.” அம்மா கூடையை இறக்கக்கூட மறந்து நின்றாள். சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. பாக்கியம் அக்காவுக்கே பேச்சு வரவில்லை.

அப்பா, “ஒனக்கு அங்க பயமா இருக்குமேம்மா.”

“இருக்கும்ப்பா.”

டீமேக்கர் ஐயாவிடம் கேட்க வேண்டும், அரைச்சுவர் ஓரத்தில் இடம், ரோலர் தெரிகிற பக்கம். நானே கேட்க வேண்டும். அப்பா பெல்ட்டில் கை வைக்கும்போதெல்லாம், அடிக்கதவை மூடும்போதெல்லாம், மெஷின் சத்தத்துக்கு மேலே கேட்கும்படி கத்த வேண்டும். முப்பது பேரும் திரும்பிப் பார்க்கட்டும். கையெடு தவமணி என்று பேர் வைக்கட்டும். அப்பா தூங்கட்டும்.

சரசு சாப்பிட்டுவிட்டாள். பெட்டியை மூட வரப் போகிறாள். அதற்குள் எழுத வேண்டும். ஒரு வரிதான்.

1. சரசு. எதை மூடினாலும், மூடுமுன் கைய எடு என்று சொல்கிறாள்.